நூறு வரை ஒப்பிக்கும் மகனுக்கு நான்கு ஸ்பூன் எடுத்துவரத் தெரியவில்லை. எண்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேட்டவர்: அம்பை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது இரண்டு மாதம் ஆகிறது. ஜூன் மாதத்திலிருந்து எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறான். ஆங்கிலத்தில் நூறு வரையிலும் தமிழில் இருபது வரையிலும் தங்குதடையின்றி ஒப்பிப்பான். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லிக்காட்டச் சொல்லி நாங்கள் மகிழ்ந்திருக்கிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாயசம் ஊற்றி வைத்துவிட்டு, "நான்கு ஸ்பூன் எடுத்து வா" என்று அவனை அனுப்பினேன். கை கொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு வந்தான். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தொட்டு ஒன்பது வரை பிழையில்லாமல் எண்ணினான். "அப்படியானால் மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் எண்ணினானே தவிர, "ஒன்பது" என்று ஒரு சொல்லில் பதில் வரவில்லை. "எனக்கு இரண்டு கொடு" என்றால் சரியாக இரண்டு தருகிறான். மூன்று என்றாலும் ஐந்து என்றாலும் கைக்கு வந்ததைத் தருகிறான்.

பள்ளியில் நாள்தோறும் 1 முதல் 50 வரை கட்டம் போட்ட நோட்டில் எழுதி வரச் சொல்கிறார்கள். 3-ஐத் திருப்பிப் போடுகிறான், 6-க்கும் 9-க்கும் தடுமாறுகிறான், பதின்மூன்று எழுதச் சொன்னால் 31 என்று எழுதுகிறான். வகுப்பாசிரியை நோட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்புகிறார். எழுத உட்காரும்போதே அவன் கண் கலங்கிவிடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. என் மாமனார் நெல் அளக்கும்போது பழைய வழக்கப்படி முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்றுதான் சொல்வார். பேரனும் அருகில் நின்று "லாபம், ரெண்டு, மூணு" என்று கூடவே சொல்கிறான். பள்ளியில் "ஒன், டூ". என்னிடம் "ஒன்று, இரண்டு". தாத்தாவிடம் "லாபம், ரெண்டு". இவையெல்லாம் சேர்ந்து அவனைக் குழப்புகின்றனவா? அவனுக்குக் கணக்கு வராத குறைபாடு ஏதேனும் இருக்குமோ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

அன்பு மகளுக்கு வணக்கம். முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். 31 ஆண்டுகள் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மகன் செய்ததை ஒவ்வோர் ஆண்டும் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். பள்ளியில் சில காலம் முறையாகக் கற்பித்த பிறகும் ஒரு குழந்தை எண்களில் மிகவும் பின்தங்கி நின்றால்தான் குறைபாட்டைப் பற்றி யோசிப்பார்கள். பேச்சிலும் கேட்பதிலும் அவனுக்குச் சிக்கல் இல்லையென்றால், நான்கு வயதில் இதற்காக யாரும் அவனுக்கு ஒரு பெயர் சூட்ட வேண்டியதில்லை.

எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று தொட்டு எண்ணுவது இன்னொரு திறமை. எண்ணி முடித்ததும் கடைசியாகச் சொன்ன சொல்தான் அந்தக் குவியல் முழுவதன் அளவு என்று புரிந்துகொள்வது மூன்றாவது, இதுதான் கடினமானது. 1978-இல் ரோஷல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள், எண்ணுதல் என்ற ஒரே செயலுக்குள் ஐந்து தனித்தனி விதிகள் அடங்கியிருப்பதாக எழுதினார்கள். நான் சொன்னவை மூன்றும் அந்த ஐந்தில் உள்ளவை. உங்கள் மகன் முதல் இரண்டையும் கைக்கொண்டுவிட்டான். மூன்றாவது இன்னும் வரவில்லை. அதனால்தான் "எத்தனை?" என்ற கேள்வி அவன் காதில் "எண்ணு" என்ற கட்டளையாக மட்டுமே விழுகிறது.

கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் செய்ததும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அறியாமலே செய்த சோதனைதான். பத்து வரை அழகாக எண்ணும் பிள்ளைகளிடம் "இத்தனை எடுத்துக் கொடு" என்று கேட்டார். பிள்ளைகள் முதலில் "ஒன்று" என்பதன் பொருளை மட்டும் அறிகிறார்கள். சில மாதங்கள் கழித்து "இரண்டு", அதற்குப் பின் "மூன்று" என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில், எண்ணிப் பார்த்தே எந்த எண்ணையும் எடுத்துத் தர முடியும் என்று பிடிபட்டுவிடுகிறது. உங்கள் மகன் "இரண்டு" என்ற படியில் நிற்கிறான். அவனுக்கு இப்போது கற்பிக்க வேண்டிய எண் ஐம்பதோ நூறோ அல்ல, மூன்று.

கொஞ்ச நாள் "எத்தனை?" என்று கேட்பதை நிறுத்துங்கள், நீங்களே சொல்லுங்கள். தட்டில் இட்லியை வைத்தவுடன், "இட்லி மூன்று இருக்கிறது" என்று முதலில் மொத்தத்தைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தொட்டு எண்ணி, கடைசியில் தட்டைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டு, "மூன்று இட்லி" என்று முடியுங்கள். மொத்தத்தையும் எண்ணுவதையும் ஒரே மூச்சில் சேர்த்துக் காட்டினால்தான் கடைசிச் சொல்லுக்கும் குவியலுக்கும் உள்ள உறவு குழந்தைக்குத் தெரிகிறது. வெறுமனே எண்ணிக் காட்டுவதால் இது கிடைப்பதில்லை என்பதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தேன். கண்ணெதிரே இருக்கும் பொருளைக் காட்டிச் சொல்வதும் முக்கியம். பொருளில்லாமல் சொல்லும் எண் காற்றோடு போய்விடும்.

விரலால் தொட்டு எண்ணும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். "ஒன்பது" என்ற சொல் நீளமானது. "ஒன்" என்று ஒரு கொட்டையையும் "பது" என்று அடுத்த கொட்டையையும் தொட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. அதற்கு நான் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, புளியங்கொட்டையைத் தொடுவதற்குப் பதிலாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளச் சொல்வேன். தள்ளிய கொட்டை மறுபடி கணக்கில் வராது. சொல்லும் கையும் ஒன்றுக்கொன்று காத்திருக்கப் பழகும்.

எங்கள் மையத்தில் எண் கற்பித்த இடம் பெரும்பாலும் சாப்பாட்டு வரிசைதான். முட்டை போடும் நாளில் ஒரு பிள்ளையிடம் தட்டுகளை அடுக்கச் சொல்வேன், இன்னொரு பிள்ளை தட்டுக்கு ஒரு முட்டை வைக்கும். ஒரு தட்டு வெறுமையாக நின்றால் வரிசையே சேர்ந்து கூவும். ஒன்றுக்கு ஒன்று என்பதை அதைவிடத் தெளிவாக எந்த அட்டையாலும் நான் கற்பித்ததில்லை.

உங்கள் மாமனாரின் "லாபம்" பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவு செய்து அதைத் தடுக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மரக்கால் நெல் சரிகிறது, அடுத்த மரக்கால் நிறையும் வரை அடுத்த சொல் வருவதில்லை. சொல்லும் பொருளும் இவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்ட எண்ணுதலை அவன் வேறெங்கே பார்க்கப் போகிறான்? முதலிடத்துக்கு வீட்டில் ஒரு பெயரும் களத்தில் ஒரு பெயரும் இருப்பது, அத்தையைச் சிலர் அத்தை என்றும் சிலர் மதினி என்றும் அழைப்பதைப் போன்றதுதான். பிள்ளைகள் அதைச் சமாளித்துக்கொள்வார்கள்.

பதில் 2: தொடக்கப்பள்ளி ஆசிரியர், தருமபுரி

அம்மா எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. நான் எழுதுவது எண்ணுருவைப் பற்றி மட்டும்.

குழந்தைக்கு 3 என்ற வடிவம் முதலில் ஒரு படம்தான். அளவு மனத்தில் பதிவதற்கு முன்பே படத்தை எழுத வைத்தால், அவன் எழுதுவது எண் அல்ல, கோலம். மேலும், நம்மைச் சுற்றியுள்ள எண்களில் பாதி அளவைச் சொல்பவையே அல்ல. 5 என்று எழுதிய பேருந்து ஐந்து பேருந்துகள் அல்ல, வீட்டுக் கதவிலுள்ள 8 எட்டு வீடுகள் அல்ல. அவற்றைக் கண்டு அவன் பெயர் சொல்வது நல்லதுதான். ஆனால் அதை எண்ணறிவு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

நான் கடைப்பிடிக்கும் வரிசை எளிமையானது: முதலில் பொருள், பிறகு புள்ளி, கடைசியில் எண்ணுரு. பழைய அழைப்பிதழ் அட்டைகளை வெட்டி, ஒரு பக்கம் புள்ளிகளும் மறுபக்கம் எண்ணுருவும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3 ஆகிய மூன்று அட்டைகள் மட்டும் போதும். அட்டையின் மீது அத்தனை புளியங்கொட்டைகளை அவன் வைக்க வேண்டும். மூன்றும் கைவந்த பிறகு நான்காவது அட்டையைச் சேர்க்கலாம்.

எழுதுவதற்கு நோட்டு வேண்டாம். ஒரு தாம்பாளத்தில் மணலோ ரவையோ பரப்பி விரலால் எழுதட்டும். திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோர் மணலில் விரல் பதித்துத்தான் எழுதத் தொடங்கினார்கள். மான்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவருடைய முறையிலும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எண்ணுருக்களை விரலால் தடவிய பிறகுதான் எழுதுகோல் வருகிறது. அவருடைய கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 0 முதல் 9 வரை எழுதிய பத்து அறைகள் கொண்ட பெட்டி. ஒவ்வோர் அறையிலும் அத்தனை குச்சிகளைக் குழந்தை போட வேண்டும். 45 குச்சிகளும் தீர்ந்த பிறகு 0 எழுதிய அறை வெறுமையாகவே இருக்கும். பூச்சியத்தை விளக்க ஒரு சொல்லும் தேவைப்படுவதில்லை.

3-ஐத் திருப்பி எழுதுவது இந்த வயதில் இயல்பு. ஆறேழு வயது வரை அது எப்போதாவது தலைகாட்டும். அவனுடைய அறிவில் ஒரு கோப்பை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் கோப்பைதான். அதுபோல் எண்ணும் இருக்கும் என்று அவன் கருதுவதில் தவறில்லை. சிவப்பு வட்டம் அதைத் திருத்தாது. 6-க்கும் 9-க்கும் மட்டும் கை செல்லும் வழியைச் சொல்லிக்கொடுங்கள்: 6 மேலிருந்து வழுக்கி இறங்கிக் கீழே சுருள்கிறது; 9 மேலே சுருண்டு, பிறகு கீழே இறங்குகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பிக்காமல் இடைவெளி விடுவது நல்லது.

13-ஐ 31 என்று எழுதுவதற்கு ஈர்க்குச்சிகள்தான் மருந்து. பத்துக் குச்சிகளை எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். அந்தக் கட்டு இடப்பக்கம், உதிரிக் குச்சிகள் மூன்று வலப்பக்கம். ஆனால் இது இப்போது வேண்டாம்; பத்து வரையிலான அளவுகள் உறுதியான பிறகு, ஒருவேளை அடுத்த ஆண்டு செய்யலாம்.

பள்ளியில் பேசிப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் அடிப்படை எண்ணறிவு பெற வேண்டும் என்பதே அதன் இலக்கு. அங்கே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையறிந்து கற்பிக்கிறோம். அதே 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், மூன்று முதல் ஆறு வயது வரை பாடநூலே வேண்டியதில்லை என்கிறது. எட்டு வயதுவரை அவகாசம் இருக்கும்போது, நான்கு வயதில் 1 முதல் 50 வரை நாள்தோறும் எழுத வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இதைக் கோபத்தோடு எழுதுகிறேன். எண்ணைக் கண்டதும் கலங்கும் கண்களோடு என் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைகளை மீட்டெடுக்க ஓராண்டு பிடிக்கிறது.

பதில் 3: கோவைத் தந்தை

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. ஒன்றில் மட்டும் சிறிது மாறுபடுகிறேன். நூறு வரை ஒப்பித்தது வீண் என்று சகோதரி எண்ணிவிட வேண்டாம். வரிசை மனப்பாடமாக இல்லாதவனால் எண்ணவே முடியாது. அது பூட்டப்பட்ட பெட்டி போல உள்ளே இருக்கும். திறவுகோல் கிடைத்த அன்று அவனுக்கு அது முழுவதும் பயன்படும். விருந்தினர் முன் ஒப்பிக்கச் சொல்வதை மட்டும் நிறுத்தினால் போதும்.

மொழியைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் மகள் பதினொன்றைத் தாண்டும்போது இரு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தமிழில் பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்று ஒவ்வொன்றிலும் பத்து முன்னால் நின்று தன்னை அறிவித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்து கண்ணுக்கே தெரிவதில்லை. தர்ட்டீன், ஃபோர்ட்டீன் என்றால் மூன்றும் நான்கும் முதலில் ஒலிக்கின்றன. காதில் மூன்று முதலில் விழுகிறது, கை 3-ஐ முதலில் எழுதுகிறது. உங்கள் மகனின் 31 அங்கிருந்துகூட வந்திருக்கலாம். சீனத்திலும் பத்து முன்னால் வரும். கெவின் மில்லரும் அவருடைய குழுவினரும் 1995-இல் சீன, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டபோது, பத்து வரை இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. பத்தைத் தாண்டிய இடத்தில்தான் அமெரிக்கப் பிள்ளைகள் தடுக்கினார்கள். ஆகவே வீட்டில் தமிழிலேயே எண்ணுங்கள். பள்ளி தன் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தமிழில் மேடு பள்ளம் இல்லை என்று சொல்லவில்லை. எண்பத்தொன்பதுக்குப் பிறகு என் மகள் வெகுநாள் "எண்பத்துப் பத்து" என்றே சொன்னாள். இருபது, முப்பது என்று வந்த வரிசை தொண்ணூற்றில் முறிவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதுக்குப் பழந்தமிழில் "தொண்டு" என்ற சொல் இருந்தது என்று அவளுடைய தாத்தா சொன்னபோது, அவளைவிட எனக்குத்தான் வியப்பாக இருந்தது.

விளையாட்டுகளைப் பற்றி ஒரு சொல். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டை ஏழைக் குடும்பத்து மழலையர், இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம் ஆடினார்கள். அவ்வளவிலேயே எண்களை ஒப்பிட்டு அறிவதிலும் எண்ணுருக்களை அடையாளம் காண்பதிலும் முன்னேற்றம் தெரிந்தது. நிறக் கட்டங்களில் ஆடிய பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. காய் 5-இல் நிற்கும்போது இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக் கூடாது. கட்டத்தில் உள்ளபடி "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். நான் மொட்டைமாடியில் பாண்டிக் கட்டம் போல நீளமாகப் பத்துக் கட்டங்கள் போட்டு, மகளையே காயாக நடக்க விட்டேன். பரமபதம் இந்த வயதுக்குச் சரிவராது. வரிசைக்கு வரிசை திசை திரும்புவதால் அடுத்த எண் எங்கே என்று தேடியே களைத்துவிடுவார்கள்.

பகடைக்குப் பதிலாக நான்கு சோழிகளை உருட்டுங்கள். மல்லாந்து விழுந்தவை எத்தனை என்று பார்க்க வேண்டும். மூன்று, நான்கு வரையிலான அளவை எண்ணாமலே ஒரே பார்வையில் அறியும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு உண்டு. நம் சோழி ஆட்டம் அந்த எல்லைக்குள்ளேயே நிற்பதால், "மூன்று" என்ற சொல்லுக்கு முகம் கிடைத்துவிடும். பல்லாங்குழியைச் சற்றுப் பின்னர் எடுக்கலாம். குழிக்கு ஒரு முத்து என்று பதினான்கு குழிகளையும் சுற்றி வருவது, அம்மா சொன்ன முட்டைத் தட்டு வரிசையேதான்.

அம்பை வாசகி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். பள்ளியில் பேசினேன். எழுத்து வேலையை முழுமையாக நிறுத்த மாட்டோம் என்றார்கள். ஆனால் அவனுக்கு மட்டும் 10 வரை எழுதினால் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். நோட்டைத் திறக்கும்போது இப்போது அழுவதில்லை.

அங்கன்வாடி அம்மா சொன்னபடி "எத்தனை?" என்று கேட்பதை நிறுத்தியது எனக்கே கடினமாக இருந்தது, நாக்கு நுனி வரை வந்துவிடும். இட்லி, வெண்டைக்காய், துணி மாட்டும் கிளிப் என்று எதைக் கண்டாலும் மொத்தத்தைச் சொல்லி எண்ணிக் காட்டினேன். சோழி விளையாட்டு அவனுடைய ஆச்சிக்கும் பிடித்துவிட்டதால் அந்திக்கு இருவரும் திண்ணையில் அமர்ந்துவிடுகிறார்கள். ஆச்சி கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணும் பழக்கமுள்ளவர். அவனுக்காக முழு விரலை நீட்டி எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

நான்கு கேட்டால் இன்னும் அள்ளித்தான் தருகிறான். ஆனால் நேற்று மாலை மாமனாரும் அவருடைய நண்பர் இருவரும் களத்திலிருந்து வந்து அமர்ந்தபோது, "தாத்தாமாருக்கு மூன்று டம்ளர் எடுத்து வா" என்றேன். இரண்டை எடுத்துக்கொண்டு வந்தவன் நடுவழியில் நின்று, கையையும் திண்ணையையும் மாறி மாறிப் பார்த்தான். "லாபம், ரெண்டு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, "ஒரு தாத்தாவுக்கு இல்லை" என்று சமையலறைக்குத் திரும்பி ஓடினான்.